மின்புலம் தள்ளும், காந்தப்புலம் திருப்பும்: எலக்ட்ரானின் பாதையைப் புரிந்துகொள்ள

எலக்ட்ரானை நாம் விரும்பும் பக்கம் போக வைக்க இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று மின்புலம், இன்னொன்று காந்தப்புலம். இரண்டுமே அதன் பாதையை வளைக்கும் என்பதால், புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் இரண்டின் குணமும் அடியோடு வேறு. மின்புலம் எலக்ட்ரானுக்கு ஆற்றலைக் கொடுக்கும், சில நேரம் அதனிடமிருந்து பறிக்கும். மாறாத காந்தப்புலமோ துளி ஆற்றலைக்கூடக் கொடுக்காது, எடுக்காது. திசையை மட்டும் மாற்றும். இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும். பரவளையம், வட்டம், சுருள் என்று பாடப்புத்தகத்தில் தனித்தனியாக வரும் பாதைகள் எல்லாம் இதிலிருந்தே கிளைத்து வரும், எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

முதலில் எலக்ட்ரானைப் பற்றி இரண்டு எண்கள். அதன் நிறை 9.11 × 10⁻³¹ கிலோகிராம். மின்னூட்டம் 1.6 × 10⁻¹⁹ கூலும், அதுவும் எதிர்மின்னூட்டம். இரண்டுமே நம் கற்பனைக்கு எட்டாத அளவுக்குச் சிறியவை. ஆனால் மின்னூட்டத்தை நிறையால் வகுத்தால் கிலோகிராமுக்கு 1.76 × 10¹¹ கூலும் என்ற பிரமாண்டமான எண் வருகிறது. எலக்ட்ரான் எப்படி நகரும் என்பதைத் தீர்மானிப்பது இந்த விகிதம்தான். விசை மின்னூட்டத்தைப் பொறுத்தது, அந்த விசை எவ்வளவு முடுக்கத்தைத் தரும் என்பது நிறையைப் பொறுத்தது, ஆகவே இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. மீட்டருக்கு வெறும் 1 வோல்ட் என்ற மிக மெல்லிய மின்புலத்தில்கூட எலக்ட்ரானின் முடுக்கம் 1.76 × 10¹¹ மீட்டர்/வினாடி². புவியீர்ப்பு தரும் முடுக்கம் 9.8 மட்டுமே. எலக்ட்ரான் கணக்குகளில் புவியீர்ப்பைப் பற்றி யாரும் பேசாததற்குக் காரணம் இதுதான்.

சரி, மின்புலத்திலிருந்து தொடங்குவோம். காற்றை நன்றாக உறிஞ்சி வெற்றிடமாக்கிய குழாய்க்குள் இரண்டு இணைத் தகடுகள். ஒன்றை மின்கலத்தின் நேர்முனையோடும் மற்றதை எதிர்முனையோடும் இணைக்கிறோம். இடைவெளியில் சீரான மின்புலம் உருவாகிறது. புலத்தின் திசை நேர்த்தகட்டிலிருந்து எதிர்த்தகட்டை நோக்கி என்று வைத்துக்கொள்வது வழக்கம். எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் உடையதால் அதன் மேல் விசை அதற்கு நேர் எதிராக, நேர்த்தகட்டை நோக்கிச் செயல்படும். எதிர்த்தகட்டின் அருகே ஓய்வில் இருக்கும் எலக்ட்ரானை விட்டால் நேர்கோட்டில், மாறாத முடுக்கத்தோடு, மறுபக்கம் பாயும்.

போய்ச் சேரும்போது அதன் வேகம் என்ன? இதற்குத் தகடுகளின் இடைவெளி தேவையே இல்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாடு தெரிந்தால் போதும். 1 வோல்ட்டைக் கடந்து வரும் எலக்ட்ரான் பெறும் ஆற்றலை ஓர் எலக்ட்ரான்வோல்ட் என்கிறோம். 100 வோல்ட்டைக் கடந்தால் 100 எலக்ட்ரான்வோல்ட். வழி நேராக இருந்தாலும் வளைந்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஆற்றலை வேகமாக மாற்றிப் பார்த்தால், 1 வோல்ட்டைக் கடந்த எலக்ட்ரான் வினாடிக்கு ஏறத்தாழ 593 கிலோமீட்டர் வேகத்தில் போகும்! வேகம் மின்னழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். ஆகவே 100 வோல்ட்டுக்கு 10 மடங்கு, அதாவது வினாடிக்கு 5,930 கிலோமீட்டர். 1,000 வோல்ட்டுக்கு சுமார் 18,750 கிலோமீட்டர்.

அடுத்து, எலக்ட்ரான் தகடுகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கிடையாக வீசிய கல்லின் பாதை நினைவிருக்கும். முன்னோக்கிய வேகம் அப்படியே இருக்கும், கீழ்நோக்கிய வேகம் மட்டும் கூடிக்கொண்டே போகும், அதனால் பாதை பரவளையம் ஆகும். இங்கேயும் அதே கணிதம்தான். தகடுகளுக்கு இணையான திசையில் விசை இல்லை, அந்த வேகம் மாறாது. குறுக்குத் திசையில் மாறாத முடுக்கம். எனவே தகடுகளுக்குள் இருக்கும்வரை பரவளையம், வெளியே வந்ததும் நேர்கோடு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது கைக்குள் வந்துவிடும். 1,000 வோல்ட்டால் முடுக்கிய எலக்ட்ரான் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள தகடுகளுக்கு நடுவே நுழைகிறது. இடைவெளி 1 சென்டிமீட்டர், தகடுகளுக்குக் கொடுத்தது 50 வோல்ட். உள்ளே அது இருக்கும் நேரம் ஒரு வினாடியின் நூறு கோடியில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் 2 மில்லிமீட்டர் விலகுகிறது. வெளியே வரும்போது முன்னே 10 பங்கு போனால் குறுக்கே 1 பங்கு என்ற சாய்வில் வருகிறது. தகட்டின் முனையிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஒரு ஒளிரும் திரையை வைத்தால், புள்ளி நடுவிலிருந்து மொத்தம் 2.2 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். மின்சமிக்ஞையின் வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் பழைய அலைநோக்கிகளில் ஓடிய கோடுகள் எல்லாம் இப்படி உருவானவைதான்.

இந்தக் கணக்கில் ஒரு வியப்பு ஒளிந்திருக்கிறது, பலரும் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். விலகலுக்கான சூத்திரத்தை முழுமையாக எழுதினால் எலக்ட்ரானின் நிறையும் மின்னூட்டமும் அதிலிருந்து காணாமல் போய்விடும்! தகட்டின் நீளம், இடைவெளி, இரண்டு மின்னழுத்தங்கள், இவை மட்டுமே மிஞ்சும். காரணம் எளிது. கனமான துகள் மெதுவாகவே முடுக்கம் பெறும், ஆனால் அதே 1,000 வோல்ட்டில் அது மெதுவாகவே கிளம்பியிருக்கும், தகடுகளுக்குள் கூடுதல் நேரம் இருக்கும். ஒன்றை மற்றது சரிக்கட்டிவிடுகிறது. ஆக, ஓய்விலிருந்து கிளம்பி மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட துகளை மின்புலத்தில் மட்டும் எவ்வளவு வளைத்துப் பார்த்தாலும், அது எலக்ட்ரானா வேறு கனமான துகளா என்று சொல்ல முடியாது. அதற்குக் காந்தப்புலம் வேண்டும்.

காந்தப்புலத்தின் போக்கே தனி. ஓய்வில் இருக்கும் எலக்ட்ரானை அது கண்டுகொள்வதே இல்லை. எவ்வளவு வலிமையான காந்தத்தைப் பக்கத்தில் வைத்தாலும் விசை சுழியம். எலக்ட்ரான் நகர வேண்டும், அதுவும் புலத்துக்குக் குறுக்கே நகர வேண்டும். புலத்தின் திசையிலேயே போனாலும் விசை கிடையாது. செங்குத்தாகக் குறுக்கே போனால்தான் முழு விசை. அதன் அளவு மின்னூட்டம், வேகம், காந்தப்புலம் மூன்றின் பெருக்கல்.

திசைதான் எல்லோரையும் குழப்புவது. விசை எலக்ட்ரானின் திசைவேகத்துக்கும் செங்குத்து, காந்தப்புலத்துக்கும் செங்குத்து. இதைக் கண்டுபிடிக்க ஃபிளெமிங்கின் இடக்கை விதி உதவும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டுங்கள். ஆள்காட்டி விரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் விசை. இங்கே ஒரு எச்சரிக்கை: மின்னோட்டத்தின் திசை என்பது நேர்மின்னூட்டம் நகரும் திசை. எலக்ட்ரான் வலப்பக்கம் போனால் நடுவிரலை இடப்பக்கம் நீட்ட வேண்டும். தேர்வுகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

விசை எப்போதும் நகரும் திசைக்குச் செங்குத்தாகவே இருக்கிறது என்பதன் விளைவைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வேலை என்பது விசையின் திசையில் நகர்ந்தால்தான் நடக்கும். செங்குத்தான விசை வேலை செய்யாது. வேலை இல்லையென்றால் இயக்க ஆற்றல் மாறாது, வேகமும் மாறாது. வேகம் மாறாததால் விசையின் அளவும் மாறாது. மாறாத அளவுள்ள விசை எப்போதும் செங்குத்தாக இழுத்துக்கொண்டே இருந்தால் பாதை ஒரே அளவில் வளைந்துகொண்டே போகும். அப்படி வளையும் பாதை வட்டம். காந்த விசையே மையநோக்கு விசையாகச் செயல்படுகிறது. இரண்டையும் சமன்படுத்தினால் வட்டத்தின் ஆரம் கிடைத்துவிடும்: நிறையையும் வேகத்தையும் பெருக்கி, மின்னூட்டமும் காந்தப்புலமும் சேர்ந்த பெருக்கலால் வகுக்க வேண்டும்.

1 மில்லிடெஸ்லா காந்தப்புலத்தை எடுத்துக்கொள்வோம். 100 வோல்ட்டால் முடுக்கிய எலக்ட்ரான் அதில் சுமார் 3.4 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுற்றும். 1,000 வோல்ட் எலக்ட்ரானுக்கு வட்டம் பெரிதாகும், 10.7 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? இரண்டுக்குமே சுமார் 36 நானோவினாடி! வேகமான எலக்ட்ரான் பெரிய வட்டத்தில் போகிறது, மெதுவான எலக்ட்ரான் சிறிய வட்டத்தில் போகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன. சுற்றும் நேரம் காந்தப்புலத்தையும், மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தையும் மட்டுமே பொறுத்தது. 1 டெஸ்லா புலத்தில் எந்த எலக்ட்ரானும் வினாடிக்கு 2,800 கோடி முறை சுற்றும். இதைச் சைக்ளோட்ரான் அதிர்வெண் என்பார்கள். இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. இதன் அருமை சிறிது நேரத்தில் தெரியும்.

எலக்ட்ரான் சாய்வாக நுழைந்தால் பாதை எப்படி இருக்கும்? திசைவேகத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புலத்துக்குச் செங்குத்தான பகுதி வட்டம் போடும். புலத்தின் திசையிலுள்ள பகுதியை எதுவும் தொடாது, அது அப்படியே முன்னேறும். இரண்டும் சேர்ந்தால் புலக்கோட்டைச் சுற்றியபடி செல்லும் சுருள் பாதை.

இயற்கையில் இது பெரிய அளவில் நடக்கிறது. பூமியின் காந்தப்புலம் தரைமட்டத்தில் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை. மிக மெல்லியதுதான். ஆனாலும் 5,000 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் 50 மைக்ரோடெஸ்லா புலத்தில் போடும் வட்டத்தின் ஆரம் ஐந்து மீட்டர்கூட வராது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தோடு ஒப்பிட்டால், எலக்ட்ரான் புலக்கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லலாம். பூமியின் காந்தமண்டலத்தில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் இப்படிப் புலக்கோடுகளோடு இறங்கிவந்து, துருவங்களை ஒட்டிய பகுதிகளில், சுமார் 100 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உயரத்தில் ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் மோதும்போது தோன்றுவதுதான் துருவ ஒளி.

எல்லா எலக்ட்ரான்களும் இறங்கிவிடுவதில்லை. துருவங்களை நெருங்க நெருங்கப் புலக்கோடுகள் நெருங்குகின்றன, புலம் வலுக்கிறது. வலுவான புலத்தில் எலக்ட்ரானின் சுழலும் வேகம் கூடும். மொத்த வேகம் மாற முடியாது என்பதால் முன்னேறும் வேகம் குறைந்தாக வேண்டும். ஒரு கட்டத்தில் முன்னேற்றம் நின்று, வந்த வழியே திரும்பிவிடும். இதற்குக் காந்த ஆடி என்று பெயர். இரண்டு பக்கமும் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டால் துகள் நடுவே சிக்கிக்கொள்ளும். 1958-இல் எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோளின் கருவி மூலம் ஜேம்ஸ் வான் ஆலன் கண்டறிந்த கதிர்வீச்சுப் பட்டைகள், இவ்வாறு பூமியைச் சுற்றிச் சிறைப்பட்ட எலக்ட்ரான்களும் புரோட்டான்களும்தான்.

இப்போது இரண்டு புலங்களையும் ஒரே இடத்தில் வைப்போம், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. மின்விசை மேல்நோக்கியும் காந்த விசை கீழ்நோக்கியும் இருக்கும்படி அமைக்கலாம். மின்விசைக்கு வேகத்தைப் பற்றிக் கவலையில்லை. காந்த விசை வேகத்தோடு கூடும். எனவே ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் இரண்டும் சரியாகச் சமன்பட்டு, எலக்ட்ரான் வளையாமல் நேராகப் போகும். அந்த வேகம் மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தால் வருவது. மின்னூட்டமும் நிறையும் இதில் இல்லை. முன்பு பார்த்த 1,000 வோல்ட் எலக்ட்ரானைத் தகடுகளுக்கு நடுவே நேராகப் போக வைக்க 0.27 மில்லிடெஸ்லா போதும். பூமியின் காந்தப்புலத்தைப் போல ஐந்தாறு மடங்குதான்.

1897-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சன் இந்தச் சமநிலையைத்தான் பயன்படுத்தினார். அப்போது கேத்தோடு கதிர்கள், அதாவது வெற்றிடக் குழாயின் எதிர்மின்வாயிலிருந்து கிளம்பும் கதிர்கள், என்றால் என்ன என்பதே பெரிய சர்ச்சையாக இருந்தது. துகள்களா, ஒருவகை அலையா? 1883-இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் அவற்றை மின்புலத்தால் வளைக்க முயன்று, வளையவில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். குழாயில் மிஞ்சியிருந்த வாயு மின்னூட்டம் பெற்று, தகடுகளின் புலத்தை மறைத்துவிட்டதுதான் காரணம். தாம்சன் வெற்றிடத்தை இன்னும் நன்றாக ஆக்கினார், கதிர்கள் வளைந்தன. இரண்டு புலங்களையும் சமன்படுத்தி வேகத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் காந்தப்புலத்தை நிறுத்தி, மின்புலத்தில் மட்டும் எவ்வளவு விலகுகிறது என்று அளந்தார். வேகம் ஏற்கெனவே கையில் இருப்பதால் இப்போது விலகலிலிருந்து மின்னூட்ட நிறை விகிதம் கிடைத்துவிடும். அவருக்குக் கிடைத்த மதிப்பு இன்றைய மதிப்பில் ஏறத்தாழ பாதிதான். ஆனாலும் அது ஹைட்ரஜன் அயனியின் விகிதத்தைப் போல ஆயிரம் மடங்கு அளவில் இருந்தது. குழாயில் எந்த வாயு, மின்வாயில் எந்த உலோகம் என்று மாற்றினாலும் அதே அளவு. அணுவைவிட மிகச் சிறிய, எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான துகள் ஒன்று இருக்கிறது என்று அவரால் துணிந்து சொல்ல முடிந்தது. 1906-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சமநிலைக்குப் பொருந்தாத வேகத்தில் எலக்ட்ரான் இருந்தால்? எதிர்த்தகட்டின் அருகே ஓய்விலிருந்தே விட்டுப் பார்க்கலாம். முதலில் மின்புலம் அதை நேர்த்தகட்டை நோக்கி இழுக்கும். வேகம் கூடக் கூடக் காந்த விசை வலுத்துப் பாதையைத் திருப்பும். திரும்பிய எலக்ட்ரான் மின்புலத்துக்கு எதிராக ஏறி, பெற்ற ஆற்றலை எல்லாம் இழந்து, மறுபடி எதிர்த்தகட்டின் மட்டத்தில் ஒரு கணம் நிற்கும். பிறகு மீண்டும் அதே கதை. வரிசையாக வளைவுகள் போட்டபடி இரண்டு புலங்களுக்கும் குறுக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். இழுத்தது நேர்த்தகடு, நகர்வதோ பக்கவாட்டில்!

நம் 50 வோல்ட், 1 சென்டிமீட்டர் தகடுகளில் காந்தப்புலம் 2.4 மில்லிடெஸ்லாவைத் தாண்டினால் எதிர்த்தகட்டிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் நேர்த்தகட்டைத் தொடவே முடியாது. மின்னோட்டம் நின்றுவிடும். இந்த எண்ணத்தின் உருளை வடிவத்தைத்தான் ஆல்பர்ட் ஹல் 1921-இல் மேக்னட்ரான் என்று அறிமுகப்படுத்தினார். 1940-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் அதன் நேர்மின்வாயில் குழிவுகளை அமைத்து, ரேடாருக்குத் தேவையான வலிமையான நுண்ணலைகளை உண்டாக்கினார்கள். மைக்ரோவேவ் அடுப்புகளில் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உண்டாக்குவதும் மேக்னட்ரான்தான்.

சுற்றும் நேரம் வேகத்தைப் பொறுத்ததல்ல என்றோமே, அதன் அருமை இங்கே தெரியும். ஒரு புள்ளியிலிருந்து பல எலக்ட்ரான்கள் சற்றே வெவ்வேறு கோணங்களில், காந்தப்புலத்தை ஒட்டிய திசையில் கிளம்புகின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு வட்டம் போடுகிறது. ஆனால் எல்லாமே ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன, அந்த நேரத்துக்குள் முன்னோக்கி நகர்ந்த தூரமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே எல்லாம் மீண்டும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றன. இது வில்லை செய்யும் வேலை! கம்பிச்சுருளின் காந்தப்புலம் எலக்ட்ரான்களுக்கு வில்லையாகும் என்று ஹான்ஸ் புஷ் 1926-இல் காட்டினார். 1931-இல் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் பெர்லினில் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்தார்கள். ருஸ்காவுக்கு நோபல் பரிசு வர 1986 ஆகிவிட்டது.

பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் படக்குழாயில் கற்றையை வளைக்கத் தகடுகள் இல்லை, காந்தச் சுருள்களே இருந்தன. முடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் மின்புல விலகல் அதே விகிதத்தில் குறைந்துவிடும், காந்தப்புல விலகலோ வர்க்கமூல அளவில்தான் குறையும். வண்ணக் குழாய்களில் 20,000 வோல்ட்டுக்கு மேல் போவதால் சுருள்தான் தோது. அலைநோக்கியில் நிலைமை வேறு. அங்கே சமிக்ஞை மிக வேகமாக மாறும், சுருளில் மின்னோட்டத்தை அவ்வளவு வேகமாக மாற்றுவது கடினம். அதனால் தகடுகள்.

இதுவரை போட்ட கணக்குகளுக்கு ஓர் எல்லை உண்டு. வர்க்கமூல விதியை அப்படியே நீட்டினால் சுமார் 2,56,000 வோல்ட்டில் எலக்ட்ரான் ஒளிவேகத்தை எட்டிவிடும். அது நடக்காது. 10,000 வோல்ட் வரை பிழை ஒன்றரை சதவீதம்தான். 1,00,000 வோல்ட்டில் நம் சூத்திரம் வினாடிக்கு 1,87,500 கிலோமீட்டர் என்று சொல்லும், உண்மையான வேகம் சுமார் 1,64,000. அங்கே சிறப்புச் சார்பியலைக் கொண்டுவர வேண்டும். சுற்றும் நேரமும் அப்போது மாறாமல் இருக்காது, ஆற்றல் கூடக் கூட நீளும். துகள்களைக் காந்தப்புலத்தில் சுற்றவிட்டு முடுக்கும் சைக்ளோட்ரான் என்ற கருவி, புரோட்டான்களுக்குக் கைகொடுத்தாலும் எலக்ட்ரான்களுக்கு ஒத்துவராமல் போனது இதனால்தான். டொனால்ட் கெர்ஸ்ட் 1940-இல் வேறு வழியில் போனார். அவருடைய பீட்டாட்ரானில் காந்தப்புலம் நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகும், எலக்ட்ரானும் வேகம் பெறும். காந்தப்புலம் ஆற்றல் தராது என்றோமே? இப்போதும் அது தரவில்லை. மாறும் காந்தப்புலம் தன்னைச் சுற்றி ஒரு மின்புலத்தைத் தூண்டுகிறது, எலக்ட்ரானை முடுக்குவது அந்த மின்புலம்தான். தொடக்கத்தில் 'மாறாத' என்று சேர்த்துச் சொன்னதன் காரணம் இதுவே.

கூர்மையான வாசகர் ஒருவர் இந்நேரம் ஒரு கேள்வி கேட்டிருப்பார். காந்த விசை வேகத்தைப் பொறுத்தது என்றால், யாரைப் பொறுத்த வேகம்? எலக்ட்ரானோடு சேர்ந்தே அதே வேகத்தில் போகும் ஒருவருக்கு எலக்ட்ரான் ஓய்வில்தானே இருக்கும்? அவர் கணக்கில் காந்த விசை சுழியம். ஆனாலும் பாதை வளைவதை அவராலும் மறுக்க முடியாது. அப்படியானால் அவர் பார்வையில் எலக்ட்ரானைத் தள்ளுவது ஒரு மின்புலமாகத்தான் இருக்க வேண்டும், உண்மையும் அதுதான். ஆய்வகத்தில் இருப்பவர் காந்தப்புலம் என்று அளப்பதில் ஒரு பகுதி, நகர்ந்துகொண்டே அளப்பவருக்கு மின்புலமாகத் தெரியும். ஒரு காந்தமும் ஒரு கடத்தியும் ஒன்றையொன்று சார்ந்து நகரும்போது எழும் இதே சிக்கலிலிருந்துதான் ஐன்ஸ்டைன் 1905-இல் தம் சார்பியல் கட்டுரையைத் தொடங்கினார். தாம்சனின் குழாயில் நேராகப் போன எலக்ட்ரானை இந்தக் கண்ணோடு பார்த்தால், அதனுடன் பயணிப்பவருக்கு அங்கே எதிரெதிரான இரண்டு விசைகள் இல்லவே இல்லை. அந்த வேகத்தில் போகும்போது மின்புலமே சுழியமாகிவிடுகிறது, தள்ள எதுவும் இல்லாததால் எலக்ட்ரான் இருந்த இடத்திலேயே இருக்கிறது.